பழைய மெஷினின் கையெழுத்து

அத்தியாயம் 14

கோயமுத்தூரில் கீர்த்திவாசன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் பேச்சு வாங்கியபடி பஸ் ஏறியதைப் போன வாரம் பார்த்தோம். அவன் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி வருவதற்குள் நாம் அரவேணுவுக்கு ஒரு எட்டுப் போய் வந்துவிடலாம்.

அங்கே அவன் அப்பா லிங்கசாமி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். பச்சைத் தேயிலை விலை சரிந்து, அவர் டீ மேக்கராக இருந்த ஃபேக்டரியின் கேட்டில் பூட்டு விழுந்த நாளிலிருந்து அடுப்படி அவர் பொறுப்பு. அரைத்த இலை பதமாகிவிட்டதா என்று தூரத்திலிருந்தே மூக்கால் கண்டுபிடித்துவிடுவார் என்று கோத்தகிரி வட்டாரத்தில் பெயர் எடுத்த மனிதர். இப்போது அந்த மூக்கு, தாளிப்பு கருகாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தில் இருந்தது. அதிலும் அவர் குறை வைக்கவில்லை என்பதை அவர் மனைவி வேலாமணியே ஒப்புக்கொள்வாள்.

வீடு ஓடுவது வேலாமணியின் சம்பளத்தில். குன்னூரில் பங்கஜம் வக்கீலம்மாவின் ஆபீசில் அவள் கிளார்க். புருஷன் வேலையில்லாமல் இருக்கிற வீட்டில் என்னென்ன பேச்சு வரும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வீட்டில் அது வந்ததில்லை. "சும்மா இருக்கீங்க" என்கிற சொல்லை மட்டும் எந்தக் கோபத்திலும் வாயில் வரவிடக் கூடாது என்று அவள் தனக்குள் ஒரு கட்டு வைத்திருந்தாள். ஃபேக்டரி பூட்டிய அன்று அவர் முகத்தைப் பார்த்தபோது எடுத்த முடிவு அது.

"ஏனுங்க, டேப்பெல்லாம் எடுத்து வெச்சுட்டீங்களா?"

"உம் பையில துணி சுத்தி வெச்சிருக்கறேன். சாரல் அடிக்குது. பைய மாரோட அணைச்சுப் புடிச்சுக்க."

"கொழந்தையாட்டம் பாக்கறீங்க அத."

"அதுல அத்தன பேரு பொழப்பு இருக்குதுன்னு நீதான சொன்ன."

சொன்னது நிஜம். வக்கீல் ஆபீசின் கம்ப்யூட்டரில் இருக்கும் அத்தனை கேஸ் விவரமும் தினமும் சாயங்காலம் ஒரு டேப்பில் பதிவாகும். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டேப். ஆபீசில் தீப்பிடித்தாலோ, மழையில் மண் சரிந்தாலோ எல்லாம் ஒரேயடியாகப் போய்விடக் கூடாது என்று, பதிவான டேப்பை வேலாமணி வீட்டுக்கு எடுத்துப்போய் வைப்பாள். கிழமைக்கு ஒரு டேப். மறு வாரம் அதே டேப்பில் மறுபடியும் பதிவாகும். எந்த ஒன்றை எடுத்தாலும் ஆபீஸ் முழுவதும் அதில் இருக்கும்.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து மாலை போட்ட கம்ப்யூட்டர், பூஜை வாசனை போவதற்குள் மண்டையைப் போட்டது. உள்ளிருந்த டிஸ்க் போய்விட்டதாம். "டேப் இருக்கே, எதுக்குப் பயம்" என்று வக்கீலம்மா கலங்கவில்லை. இனிமேல் டேப் சகவாசமே வேண்டாம், எல்லாவற்றையும் பெரிய டிஸ்க்குகளுக்கு மாற்றிவிடலாம் என்று கோயமுத்தூர் கம்பெனி ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனியில்தான் கீர்த்திவாசன் புதிதாகச் சேர்ந்திருந்தான். இந்த வேலையைத் தனியாகச் செய்து முடித்தால் அவனை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. பழைய கம்ப்யூட்டர் இனி எதற்கு, டேப் படிக்கிற புது மெஷினோடு நான் வருகிறேன், மேஜையைக் காலி பண்ணி வையுங்கள் என்று அவனே போனில் சொன்னதால், வேலாமணி பழையதைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

ஆக, பங்கஜம் வக்கீலம்மாவின் ஆபீஸ் மொத்தமும் இன்றைக்கு வேலாமணியின் பைக்குள் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் குன்னூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

*

ஆபீஸ் வராந்தா பெஞ்சில் மூக்கம்மா காத்திருந்தாள். சேரம்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். சின்னப் பிள்ளையாகச் சிலோனிலிருந்து வந்தவள், எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டை இன்னும் லயம் என்றுதான் சொல்வாள்.

"நேத்தே வந்துட்டேன் தங்கச்சி. வண்டிச்சோலையில சொந்தக்காரங்க வீட்டுல படுத்தேன். அந்தப் போட்டோவ ஒருக்காக் கண்ணால பாத்துட்டாப் போதும். லயத்துச் சனமெல்லாம் பயந்து போய்க் கிடக்கு. போய்ச் சொல்லணும்."

போட்டோ விஷயம் இதுதான். தேயிலை விலை விழுந்ததும் அந்த எஸ்டேட்டின் முதலாளி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி போய்விட்டார். அதை வாங்கிய புது ஆள் லைன் வீடுகளின் கூரையைப் பிரித்துவிட்டு, அங்கே யாரும் குடியிருக்கவே இல்லை என்று கோர்ட்டில் சாதிக்கிறார். கூரை பிரிப்பதற்கு முன்னால் வக்கீலம்மா நேரில் போய்த் தேதியோடு போட்டோ எடுத்திருந்தார். வாசலில் ஜனங்கள் நிற்க, அடுப்பு புகைய, கொடியில் துணி காய எடுத்த போட்டோக்கள். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று யாரும் பிரிண்ட் போட்டு வைக்கவில்லை. திங்கட்கிழமை விசாரணை. போட்டோ கைக்கு வந்தால் அந்த ஜனங்களுக்கு வீடு உண்டு, வராவிட்டால் இல்லை.

"பாக்கலாங்கக்கா. எம்பையன்தான் எடுத்துக் குடுக்கப் போறான்" என்றாள் வேலாமணி. சொல்லும்போது கொஞ்சம் பெருமை வந்தது. பெற்றவளுக்கு வரக் கூடாதா என்ன.

பையனும் வந்து சேர்ந்தான். தலையெல்லாம் சாரல், அட்டைப்பெட்டி மட்டும் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு சொட்டு நனையாமல் இருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆபீஸ் என்பதால் ஒரு வணக்கமும் வைத்தான். புது மெஷினை மேஜையில் வைத்து, வயர்களைப் பூட்டி, முதல் டேப்பை உள்ளே தள்ளினான்.

மெஷின் முனகியது. பிறகு நின்றது. திரையில் ஏதோ சிவப்பாக எழுதிக் காட்டியது.

டேப்பை வெளியே எடுத்து, ஊதி, மறுபடி தள்ளினான். அதே சிவப்பு. இரண்டாவது டேப். மூன்றாவது. ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற அவன் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. சின்ன வயதில் பரீட்சைத் தாளை மறைத்துக்கொண்டு வரும்போதும் அவன் இப்படித்தான் இருப்பான்.

கடைசி டேப்பும் வெளியே வந்ததும் அவன் அம்மாவைப் பின்பக்கம் அழைத்துப் போனான்.

"அம்மா, இதெல்லாம் ஊட்டுல எங்க வெப்பீங்க?"

"பீரோவுலதான் கண்ணு. துணி பூஞ்சை புடிக்காம இருக்கச் சின்ன பல்பு எரியுதுல்ல, அதுக்குள்ள."

"வேற எங்கயும் வெக்கறதில்லயே?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. அப்பாவக் கேளு."

கீர்த்திவாசன் தன் செல்போனில் வீட்டுக்குப் போட்டான். அப்பாவின் குரல் வெளியே கேட்டது. மகன் வேலை விஷயமாகத் தன்னிடம் ஒன்று கேட்கிறான் என்ற சந்தோஷம் அதில் இருந்தது.

"பீரோவுல வெச்சா மட்டும் எங்க கண்ணு போதுது. ஐப்பசி மாச ஈரத்துக்கு அந்த பல்பு எந்த மூலைக்கு? காலைல நான் சாமான் கழுவற நேரம் டேப்ப எல்லாம் ஸ்டெபிலைசர் மேல அடுக்கி வெச்சு எடுப்பேன். இதமா சூடு இருக்கும். அப்பளம், தீப்பெட்டியெல்லாம் அங்கதான வெக்கறோம். ஒரு டேப்புலயாவது பூஞ்சை இருக்குதா பாரு."

நீலகிரியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரண்டு ஏறி இறங்கும் ஊரில் டி.வி.க்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் இல்லாத வீடு கிடையாது. மழைக்காலத்தில் அதன் தலையில் ஏதாவது காயாத வீடும் கிடையாது.

கீர்த்திவாசன் கண்ணை மூடிக்கொண்டான். "அதுக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்குதுப்பா. காந்த சக்தி. டேப்புல இருக்கறதே காந்தத்துல எழுதின எழுத்துதான். அது மேல வெச்சா அழிஞ்சே போயிரும்."

வேலாமணி போனைப் பிடுங்கினாள். திறந்திருந்த கதவு வழியாக வராந்தா பெஞ்சில் மூக்கம்மா உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

"உங்களைய யாரு கேட்டா? வேல வெட்டியில்லாம சும்மா இருக்கறவங்க சும்மாவே இருக்கறதுதானுங்க. இப்ப இத்தன குடும்பம் நடுத்தெருவுல நிக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் எந்தச் சொல்லைச் சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அந்தப் பக்கம் ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

"செரி" என்றார் லிங்கசாமி. போனை வைத்துவிட்டார்.

*

வக்கீலம்மாவிடம் வேலாமணிதான் போய்ச் சொன்னாள். மகனை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

பங்கஜம் வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்தார். கோர்ட்டில் எதிர்த்தரப்பு எதிர்பாராத ஒன்றைப் போட்டாலும் அவர் இப்படித்தான் துடைப்பார்.

"எல்லா டேப்புமா?"

"எல்லாமேங்க மேடம். எம்மேலதான் தப்பு. என்னைய நம்பித்தான குடுத்தீங்க. நீங்க என்னைய நிறுத்தினாக்கூட நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க."

"உங்களை நிறுத்திட்டு? திங்கட்கிழமை கட்டு எது எந்த அலமாரியில இருக்குன்னு நான் யார்கிட்டக் கேக்கறது?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மறுபடி வாய்தா கேட்டா ஜட்ஜ் கொடுக்க மாட்டார். வேற சாட்சி என்ன இருக்குன்னு யோசிப்போம். முதல்ல அந்தம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க. நீங்களும் குடிங்க. விஷயத்தை நான் சொல்றேன் அவங்ககிட்ட."

இன்னொரு ஆபீஸாக இருந்தால் இந்நேரம் வீட்டுக்குப் போ என்றிருப்பார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், டீ குடிக்கச் சொன்னதும் வேலாமணிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

மூக்கம்மா கேட்டுக்கொண்டாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆற விட்டாள்.

மதியத்துக்கு மேல் ஆபீஸ் வாசலில் ஒருவர் வந்து நின்றார். குடை இல்லை. மேலே போட்டிருந்த கம்பளிச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. லிங்கசாமியை வேலாமணிக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. ஃபேக்டரி மூடிய பிறகு அவர் குன்னூர்ப் பக்கம் வருவதையே விட்டிருந்தார். எதிரே வருகிறவர்கள் இப்போ என்ன பண்றீங்க என்று கேட்பார்கள் என்பதுதான் காரணம்.

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. நேராக வக்கீலம்மாவின் அறை வாசலில் போய் நின்றார்.

"அம்மணி, நான் வேலாமணி ஊட்டுக்காரனுங்க. டேப்ப எடுத்து வெச்சது நானுங்க. அவிய பீரோவுலதான் வெச்சாங்க. அவியளுக்கு இது தெரியவே தெரியாதுங்க. என்ன சொல்றதா இருந்தாலும் என்னையச் சொல்லீருங்க. பையனுக்கும் இதுல ஒண்ணும் சம்பந்தமில்லீங்க, அவங்க கம்பெனிக்கு எதும் எழுதீறாதீங்க."

ஊர்க்கண்ணுக்கு ஒளிந்து கிடந்த மனிதர் பஸ் ஏறி வந்து இதைச் சொல்கிறார். வேலாமணிக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

வக்கீலம்மா பதில் சொல்வதற்குள் கீர்த்திவாசன் செல்போனும் கையுமாக உள்ளே வந்தான். கோயமுத்தூரில் அவனுடைய சீனியரோடு இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தவன்.

"மேடம், ஒரு விஷயம். அப்பா மேல தப்பு இல்லாம இருக்கலாம். தப்பு என்னுதா இருக்கும்னு தோணுது."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"டேப் அழிஞ்சிருந்தாக் காலின்னு காட்டணும்னு எங்க சார் சொல்றாரு. இது காலின்னு காட்டல, புரியலன்னு காட்டுது. ரொம்ப வருஷம் ஓடின மெஷின்ல டேப்பு மேல எழுதற முள்ளு கொஞ்சம் கோணிக்குமாம். கோணலாவே எழுதும், கோணலாவே படிச்சுக்கும். அதனால யாருக்கும் தெரியாது. வேற மெஷின்ல போட்டாத்தான் ஒண்ணும் புரியாது. பழைய மெஷின்ல போட்டுப் பாத்தீங்களான்னு கேட்டாரு." அவன் செல்போனை மேஜையில் வைத்தான். "அதத் தூக்கிப் போடச் சொன்னவன் நான்தான்."

"டாக்டர் கையெழுத்தாட்டமா?" என்றாள் வேலாமணி. "அவரு பக்கத்துல இருக்கற மருந்துக் கடைக்காரனுக்குத்தான் புரியும்ங்கற மாதிரி."

"அதேதாம்மா."

"இரும்புக் கடைக்குப் போயி எத்தன நாளாச்சு?" என்று வக்கீலம்மா கேட்டார்.

இரும்புக் கடைக்குப் போன சாமான் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். லிங்கசாமி மட்டும் சொட்டுகிற கம்பளிச் சட்டையோடு திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார். வேலாமணி குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

*

குன்னூர் மவுண்ட் ரோட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும் படிகள் பாசி பிடித்துக் கிடந்தன. தீபாவளிக்கு ஜவுளி எடுக்க வந்த கூட்டம் மழையிலும் குறையவில்லை. லிங்கசாமி விறுவிறுவென்று முன்னால் போனார். வேலாமணி குடையை அவர் தலைக்குமேல் பிடிக்கப் பார்த்தாள், எட்டவில்லை.

"ஏனுங்க."

"ம்."

"போன்ல நான் சொன்னது..."

"பொய்யையா சொன்ன?"

"பொய்தானுங்க." அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்று அவளுக்குத் தோன்றவில்லை. "விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு எனக்குச் சுடுதண்ணி வெக்கறது ஆரு? நான் பஸ் ஏறிப் போனா ஊடு எப்படி இருக்குமோன்னு ஒரு நாளாச்சும் நான் ரோசன பண்ணியிருக்கறனா? நீங்க இருக்கறீங்கங்கற தெம்புலதான் நான் வேலைக்கே போறேன். இத என்னைக்கோ சொல்லியிருக்கோணும். சொல்லாம உட்டுட்டு, சொல்லக் கூடாதத மட்டும் சொல்லிட்டேன்."

லிங்கசாமி அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த குடையை வாங்கி இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

"வழுக்குது. பாத்து வா" என்றார்.

அவ்வளவுதான். ஆனால் வேலாமணிக்கு மூச்சு வந்தது.

இரும்புக் கடை ஆற்றோரத்தில் இருந்தது. வாசலிலேயே இரண்டு பேர் ஒரு பழைய கொதிகலனைச் சுத்தியலால் பிளந்துகொண்டிருந்தார்கள். ஏதோ மூடிய ஃபேக்டரியிலிருந்து வந்த சாமான். லிங்கசாமி அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரர் கந்தன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"வக்கீலம்மா ஆபீஸ் கம்ப்யூட்டருங்களா? உள்ளதான் கெடக்குது."

"பிரிக்கலீங்களா?" வேலாமணி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பொட்டும் பூவுமா வந்துச்சுங்களே" என்றார் கந்தன், இதென்ன கேள்வி என்பதுபோல. "ஆயுத பூஜைக்குக் கும்பிட்ட சாமான அப்படியே சுத்தியல்ல போடறதில்லீங்க. அமாவாசையன்னைக்கு ஒரு கற்பூரம் காட்டிட்டுத்தான் கை வெக்கறது. எங்கய்யன் வெச்ச பழக்கம். லாரி இஞ்சினா இருந்தாலும் அப்படித்தான். பூஜை முடிஞ்சு வந்ததெல்லாம் அந்த மூலையில இருக்குது, பாருங்க."

மூலையில் ஒரு தையல் மெஷின், ஒரு தண்ணி மோட்டார், ஒரு சைக்கிள், எல்லாம் குங்குமத்தோடு தீபாவளி அமாவாசைக்குக் காத்துக்கொண்டிருந்தன. நடுவில் வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டர். வேலாமணி தன் விரலால் வைத்த சந்தனம், டேப் போடுகிற வாய்க்கு மேலே காய்ந்து வெடித்திருந்தது.

"இதத் திருப்பிக் குடுப்பீங்களாங்க?"

"உங்க சாமான்தானுங்க அம்மணி. எடுத்துட்டுப் போங்க. நனையாமக் கொண்டு போங்க" என்று ஒரு சாக்கையும் கொடுத்தார் கந்தன்.

வேலாமணி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மனிதர் கூச்சப்பட்டுத் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஏற்றம் முழுக்க அந்தப் பெட்டியை லிங்கசாமிதான் தோளில் சுமந்தார். ஆட்டோ பிடிக்கலாம் என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

*

கீர்த்திவாசன் பழைய பெட்டியைத் திறந்து, டேப் படிக்கிற பாகத்தை மட்டும் கழற்றி, பஞ்சும் மருந்துமாகத் துடைத்துப் புது மெஷினில் பொருத்தினான். டேப்பை உள்ளே தள்ளினான்.

மெஷின் முனகியது. நின்றது. பிறகு அது மறுபடி முனக ஆரம்பித்தது, இந்தத் தடவை நிற்கவே இல்லை. திரையில் பெயர்கள் வரிசையாக ஓடின. வேலாமணி வருஷக்கணக்காகத் தட்டச்சு செய்த கேஸ் பெயர்கள்.

"வருதும்மா" என்றான் கீர்த்திவாசன். பெரிய கம்பெனிக்காரன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எல்லாம் வந்துவிடவில்லை. ஒரு டேப்பில் நடுவே கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. அதை இன்னொரு டேப்பிலிருந்து எடுத்து நிரப்பினான். எதிலும் வராமல் சில கடிதங்கள் போய்விட்டன. அதைத் திரும்பத் தட்டச்சு செய்துகொள்ளலாம் என்றார் வக்கீலம்மா.

"ஸ்டெபிலைசர் வேலையாத்தான் இருக்கும்" என்றான் கீர்த்திவாசன். "ஆனா அப்பா, ஒண்ணு சொல்லோணும். குன்னூர் டேப்புன்னாலே எங்க ஆபீசுல பயப்படுவாங்க, வெள்ளையாப் பூத்து ஒட்டிக்கிட்டு வரும். அப்படி வந்திருந்தா எந்த மெஷினும் படிச்சிருக்காது. இதுல ஒண்ணுல கூடப் பூஞ்சை இல்ல."

லிங்கசாமி யோசித்தார். "அப்ப இனிமே அது மேல வெக்கலாமா, கூடாதா?"

"கூடாதுப்பா."

வக்கீலம்மா முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், லிங்கசாமி உட்பட.

போட்டோக்கள் வர ஆரம்பித்ததும் மூக்கம்மாவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். முதல் போட்டோவில் அவள் வீடு. கூரை இருந்தது. கூரைமேல் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. வாசலில் அவளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கீழே தேதி.

"எங்க வாசல்" என்றாள் மூக்கம்மா. கீர்த்திவாசனின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் வேலாமணியை, அப்புறம் வக்கீலம்மாவை, கடைசியில் நனைந்த மனிதராக ஓரமாய் நின்ற லிங்கசாமியையும் பார்த்துக் கும்பிட்டாள். "நல்லா இருப்பீங்க. எல்லாரும் நல்லா இருப்பீங்க."

யாருக்கு யார் நன்றி சொல்வது என்று தெரியாத ஒரு நிமிஷம் அது. வேலாமணிக்கு முகம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும், பெயர் கூடக் கேட்டு வைக்காத அந்தக் கோயமுத்தூர் சீனியருக்கும் சேர்த்து நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

"முதல்ல எல்லாத்தையும் பிரிண்ட் போடுங்க" என்றார் வக்கீலம்மா. "இப்பவே."

போட்டோக்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போயின. வீடுகள் முடிந்து எஸ்டேட் ஃபேக்டரி வந்தது. உள்ளே இலை வாட்டும் பரண், அரைக்கிற ரோலர்கள், உலர்த்தும் மெஷின். லிங்கசாமி தன்னையறியாமல் முன்னால் வந்து குனிந்தார்.

"இந்த ரோலர நிறுத்தி ரொம்ப நாளாச்சுங்களா? துருவே இல்லையே."

"தொரை போனதுல இருந்தே நிக்குது" என்றாள் மூக்கம்மா. "நாங்கதான் மொறை வெச்சு எண்ணெய் போடுறோம். இந்தக் கேஸ் நம்ம பக்கம் ஆனா, நாங்களே கொழுந்து பறிச்சு நாங்களே அரைக்கிறதுன்னு பேசி வெச்சிருக்கோம். வக்கீலம்மா அதுக்கும் மனு போட்டிருக்காங்க. பக்குவம் பாக்கத்தான் ஒரு ஆளில்ல."

"டிரையர் விறகா, டீசலா?"

"விறகு."

"அதுதான் நல்லது. இலை எப்படி, கை பறிப்பா, கத்தரியா?"

"கைதான். நாங்க கத்தரி தொடுறதில்ல."

கேள்விமேல் கேள்வி. மூக்கம்மா பதில் சொல்லச் சொல்ல, லிங்கசாமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முதுகு நிமிர்ந்துவிட்டது. வேலாமணி பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த முகத்தை அவள் மறந்தே போயிருந்தாள்.

"நீங்க டீ மேக்கரா அண்ணே?" என்று மூக்கம்மா கேட்டாள்.

"இருந்தேனுங்க."

"கேஸ் முடிஞ்சா வாறீங்களா? பெரிசா ஒண்ணும் தர முடியாது. தங்க ஒரு லயக் காம்பிரா உண்டு, எங்க சோத்துல உங்களுக்கும் உண்டு."

சேரம்பாடி என்பது மாவட்டத்தின் அந்தக் கோடி. போனால் தினமும் வந்து போகிற தூரமில்லை. விலையே இல்லாத காலத்தில் ஜனங்களே ஓட்டப் போகிற ஃபேக்டரி, எத்தனை நாள் ஓடுமோ. லிங்கசாமி திரும்பி மனைவியைப் பார்த்தார்.

வேலாமணிக்கு இரண்டு பதில்தான் இருந்தது. போங்க என்றால், காலையில் போனில் விழுந்த சொல்லுக்கு இதுதான் அர்த்தம், நம்மை வீட்டை விட்டு அனுப்பத்தான் பார்த்திருக்கிறாள் என்று அவர் நினைத்துவிடுவாரோ. வேண்டாம் என்றால், இப்போது அந்த முகத்தில் வந்திருப்பதைத் துடைத்து எடுத்தவள் அவளாகிவிடுவாள்.

"நீ சொல்லு வேலா" என்றார் லிங்கசாமி. "நீ என்ன சொல்றயோ அதான்."

மகன் பார்த்தான், மூக்கம்மா பார்த்தாள், வக்கீலம்மாவும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வேலாமணிக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.